திரைக்கு ஒரு துபாஷி

இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்தலாமா என்று என் மேசைக் கணினி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு சரி என்று சொல்லிவிட்டேன். நடுவில் ஏதோ ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொன்னது. எதற்கென்று படிக்காமல் கைக்கு வந்ததைத் தட்டினேன். எல்லாம் முடிந்து கணினி தானே அணைந்து எழுந்த நேரத்தில் நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு மானிட்டர்களில் ஒன்று இருண்டு கிடக்கிறது. மற்றொன்றில் எழுத்துகள் முதியோர் கல்விப் பாடநூலில் இருப்பதுபோலப் பெருத்து நிற்கின்றன. ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தால் தவணை முறையில் நகர்ந்து வருகிறது. பெட்டிக்குள் மின்விசிறி இரைகிறது.

கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கார்டுக்கு ஒன்றுமில்லை. புதிய இயங்குதளத்திலும் கோளாறு இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசவேண்டிய ஆள் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆளைத்தான் டிரைவர் என்கிறார்கள். தமிழில் இயக்கி. இரண்டு பெயருமே அதன் வேலையைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் கட்சி. அது ஓட்டுவதைவிட மொழிபெயர்ப்பதே அதிகம். கும்பினிக் காலத்துத் துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். துரைக்கு ஊர்மொழி தெரியாது, ஊராருக்குத் துரையின் மொழி தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றால்தான் வியாபாரம் நடக்கும். புதிய துரை வந்து வேறு மொழி பேச ஆரம்பித்தால், பழைய துபாஷி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாயடைத்துத்தான் நிற்பார்.

மொழிபெயர்ப்பு ஏன் தேவைப்படுகிறது? கணினியின் மையச் செயலிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. 1980களில் இன்டெல்லின் 386 செயலிக்கு எழுதிய கட்டளைகள் அதே வம்சத்துச் செயலிகளுக்கு இன்றும் புரிகின்றன; போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் செயலிக்கும் புரிகின்றன. கிராபிக்ஸ் செயலிகளின் உலகம் அப்படி இல்லை. ஒரு நிறுவனத்தின் செயலிக்குத் தெரிந்த கட்டளை மொழி இன்னொரு நிறுவனத்தின் செயலிக்குத் தெரியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறைகளுக்குள்ளேயே மொழி மாறிவிடும். ஆகவே விளையாட்டோ இணைய உலாவியோ எந்தக் கார்டின் மொழியிலும் எழுதப்படுவதில்லை. ஓபன்ஜிஎல், வல்கன், டைரக்ட்எக்ஸ் என்ற பொதுமொழிகளில் எழுதப்படுகிறது. அதை வாங்கி, இந்தப் பெட்டிக்குள் இருக்கும் இந்தக் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக அந்த இடத்திலேயே மாற்றித் தருவது டிரைவர். அதாவது டிரைவருக்குள் முழுமையான ஒரு நிரல்பெயர்ப்பி உட்கார்ந்திருக்கிறது. (டிரைவரைப் புதுப்பித்த பிறகு விளையாட்டுகள் முதல் சில நிமிடங்கள் திக்கித் திணறுவதற்கு இதுதான் காரணம். முன்பு மொழிபெயர்த்துச் சேமித்து வைத்ததெல்லாம் செல்லாமல் போய், மறுபடி முதலிலிருந்து மொழிபெயர்க்கிறது. அதைக் கோளாறென்று எண்ணி டிரைவரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.)

இது போதாதென்று கார்டின் நினைவகத்தைப் பங்கிடுவது, அதன் வேகத்தையும் மின்சாரத்தையும் ஏற்றி இறக்குவது, மானிட்டரிடம் 'உன்னால் எத்தனை புள்ளிகள் காட்ட முடியும்?' என்று விசாரிப்பது எல்லாமே அதன் தலையில். இத்தனையும் சேர்ந்தால் நிரல் எவ்வளவு பருக்கும்? 2020இல் வந்த, லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலின் 5.9ஆம் பதிப்பின் மூலநிரலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரிகள் ஏ.எம்.டி. கிராபிக்ஸ் டிரைவர் ஒன்றுக்கே போயின. அதில் பெரும்பகுதி கார்டின் உள்ளறை எண்களைப் பட்டியலிடும், கருவிகளே எழுதித்தந்த கோப்புகள்தாம். இருந்தாலும் ஒரு துபாஷிக்கு எத்தனை பெரிய அகராதி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

துபாஷி வரவில்லை என்றால் திரை முழுக்க இருண்டுபோக வேண்டுமே, பெரிய எழுத்தாவது எப்படித் தெரிந்தது? கணினி எழும்போது, இயங்குதளம் கண்விழிக்கும் முன்பே, யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் திரையை ஒரு எளிய நிலையில் ஏற்றி வைத்துவிடுகிறது. 'நினைவகத்தின் இந்த முகவரியிலிருந்து எழுதிக்கொண்டே போ, எழுதுவது திரையில் தெரியும்' என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. எந்தக் கார்டுக்கும் பொதுவான ஏற்பாடு என்பதால் தனி டிரைவர் வேண்டாம். ஆனால் சிலேட்டின் அளவை மாற்ற முடியாது. என் கணினியில் அது 1024க்கு 768 புள்ளிகள். இரண்டாவது மானிட்டர் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

முக்கியமாக, வரைவதற்கு ஆள் கிடையாது. கார்டு செய்யவேண்டிய ஓவிய வேலையை மையச் செயலியே செய்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்றால் ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் சற்றேறக்குறைய 50 கோடி பைட், ஒவ்வொரு நொடியும். இது எழுதும் கூலி மட்டுமே. நிழல், ஒளிபுகும் விளிம்பு, எழுத்துருவின் வழவழப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் கூலி தனி. ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை வைத்து ஒரே நேரத்தில் இதைச் செய்துமுடிக்கக் கட்டப்பட்டது கிராபிக்ஸ் செயலி. அது சும்மா உட்கார்ந்திருக்க, மையச் செயலியின் விரல்விட்டு எண்ணக்கூடிய கோர்கள், அதாவது கணக்குப் போடும் அலகுகள், மாய்ந்துகொண்டிருந்தன. மின்விசிறி இரைந்த காரணம் விளங்கியிருக்கும்.

சரி, நேற்றுவரை ஒழுங்காக வந்த ஆள் மேம்படுத்திய மறுநிமிடம் ஏன் வராமல் போகிறார்?

டிரைவரின் ஒரு பகுதி கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் உட்கருவுக்குள் குடியிருக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் வராது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 கிராபிக்ஸை உட்கருவுக்கு வெளியேதான் வைத்திருந்தது. 1996இல் என்டி 4.0 வேகத்துக்காக உள்ளே கொண்டுவந்தது. கர்னலுக்குள் இருப்பவர் தடுக்கி விழுந்தால் வீடே இடிந்து விழும், கணினி முழுதும் முடங்கி வரும் நீலத்திரை அதுதான். 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதைத் திருத்தப் பார்த்தது. டிரைவரை இரண்டாகப் பிளந்து, நிரல்பெயர்க்கும் பெரும்பகுதியை வெளியே தள்ளி, சிறுபகுதியை மட்டும் கர்னலில் விட்டது. கூடவே ஒரு காவலரையும் நிறுத்தியது: கொடுத்த வேலைக்கு இரண்டு நொடிக்குள் கார்டிடமிருந்து பதில் வராவிட்டால் கார்டை மீளத் தொடங்கு. திரை ஒருகணம் கறுத்துத் திரும்புவதும், 'டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது' என்ற அறிவிப்பு வருவதும் இவருடைய கைவேலை. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் காவலரும் கைவிட்டுவிடுவார், நீலத்திரைதான்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாத் துபாஷிகளும் புதிய இலக்கணத்தை அவசர அவசரமாகப் படிக்க வேண்டியதாயிற்று. விஸ்டா தொடர்பான ஒரு வழக்கில் 2008இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களின்படி, 2007இல் ஒரு காலகட்டத்தில் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காடு என்விடியா என்ற கிராபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் டிரைவர்களால் நேர்ந்தவை. மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்களின் பங்கு 17.9 விழுக்காடு. மக்கள் திட்டியது என்னவோ மொத்தமாக விஸ்டாவைத்தான்.

லினக்ஸில் கதை வேறு. அங்கே கர்னலின் உள்ளிணைப்புகள் நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கமாட்டோம் என்பதே அவர்களின் கொள்கை. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கர்னல் வருகிறது. உள்ளே ஒரு செயற்கூற்றின் வடிவத்தை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் டிரைவர்களையும் கையோடு திருத்திவிட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். ஆனால் கர்னல் மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவர்களுக்கு மட்டுமே அந்த உபசாரம். நிறுவனம் தனியே மூடி வைத்து வெளியிடும் டிரைவருக்குக் கிடையாது. அப்படிப்பட்ட டிரைவர் மாட்யூல் ஒவ்வொன்றின் உள்ளேயும், எந்தக் கர்னலுக்காக அது ஆக்கப்பட்டது என்ற ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கும். 6.5க்கு ஆக்கியதை 6.8இடம் கொண்டுபோனால் கர்னல் அந்த வரியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

இதற்காகத்தான் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. டெல் நிறுவனத்தில் உருவானது. புதிய கர்னல் நிறுவப்படும்போதெல்லாம் டிரைவரின் கர்னல் பகுதியை அதற்கேற்ப மறுபடி ஆக்கித் தருவது இதன் வேலை. புதிய கர்னலின் உள்ளிணைப்புகளை விவரிக்கும் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலோ, டிரைவர் பழசாகிப் புதிய கர்னலோடு ஒத்துப்போகாவிட்டாலோ ஆக்கும் வேலை பாதியில் நின்றுவிடும். இதில் ஒரு கொடுமை உண்டு. மூடிய டிரைவரை நிறுவும்போது, இடைஞ்சல் வேண்டாமென்று அதே கார்டுக்கான, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுவது வழக்கம். அவரும் வரவில்லை, இவரையும் வரவிடவில்லை, மிஞ்சுவது சிலேட்டுதான்.

சில நேரம் துபாஷி வேலையையே விட்டுப் போய்விடுகிறார். 2012, 2013 வாக்கில் வந்த சிறு மடிக்கணினிகளிலும் பலகைக் கணினிகளிலும் இன்டெல்லின் 'குளோவர் டிரெயில்' ஆட்டம் செயலி இருந்தது. அதன் கிராபிக்ஸ் பகுதி இன்டெல்லின் சொந்தச் சரக்கன்று, இமாஜினேஷன் டெக்னாலஜிஸின் பவர்விஆர். 2017இல் விண்டோஸ் 10இன் கிரியேட்டர்ஸ் அப்டேட் வந்தபோது, இந்தச் செயலிக்கான ஆதரவை இன்டெல் நிறுத்தியிருந்தது; புதிய பதிப்புக்கு டிரைவர் எழுத ஆளில்லை. ஏற்றினால் படவுருக்களும் எழுத்துகளும் தெரியாமலோ வெறும் வண்ணக் கட்டங்களாகவோ வரக்கூடும் என்று சொல்லி, அந்தக் கணினிகளுக்கு மேம்பாட்டை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. பழைய பதிப்புக்கே 2023 ஜனவரிவரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாகவும் சொன்னது. நல்ல நிலையிலுள்ள கணினிகள். துபாஷி ஒருவர் இல்லாத குறைக்கு அங்கேயே நின்றுபோயின.

இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? விண்டோஸில் திரை கறுத்துவிட்டால் முதலில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கார்டுக்கும் டிரைவருக்கும் புதுவாழ்வு கொடுக்கும் குறுக்குவழி அது. சாதன மேலாளரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் வசதி உண்டு. லினக்ஸில் துவக்கப் பட்டியலிலேயே முந்தைய கர்னல் காத்திருக்கும், அதில் நுழைந்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் துவக்க வரியில் 'நோமோட்செட்' (nomodeset) என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் கிராபிக்ஸ் டிரைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிலேட்டிலேயே எழும். எது செய்வதானாலும் உங்கள் கார்டு எது என்று தெரிந்திருக்க வேண்டும். கார்டே அதைச் சொல்லும். பிசிஐ என்ற இணைப்பு முறையில் கணினியோடு சேரும் சாதனம் ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளரின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏ.எம்.டி. கிராபிக்ஸுக்கு 1002. இன்டெல்லுக்கு 8086, தன் புகழ்பெற்ற சிப்பின் பெயரையே எண்ணாக எடுத்துக்கொண்ட குறும்பு. டிரைவர் தனக்குரிய கார்டை அடையாளம் காண்பதும் இந்த எண்ணையும் கூடவே இருக்கும் சாதன எண்ணையும் வைத்துத்தான்.

லினக்ஸ் ஓடும் என் கணினியில் கார்டு தெரிந்தது. டிரைவர் இருந்தது. டிகேஎம்எஸ் புதிய கர்னலுக்கு அதைப் பிழையின்றி ஆக்கியும் வைத்திருந்தது. ஆனாலும் கர்னல் சேர்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டியதும் காரணம் அகப்பட்டது: கையொப்பம். பாதுகாப்பான துவக்கம் (செக்யூர் பூட்) என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், நம்பிக்கைக்குரிய சாவியால் கையொப்பமிடாத எதையும் கர்னல் உள்ளே விடாது. டிரைவர் என் கணினியிலேயே ஆக்கப்பட்டதால், கையொப்பச் சாவியும் அங்கேயே புதிதாக உருவாக்கப்பட்டிருந்தது. அந்தச் சாவியை நம்பலாம் என்று, கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் துவக்கத்தின்போது தன் கையால் உறுதி செய்யவேண்டும். தொலைவிலிருந்து யாரும் திருட்டுத்தனமாகச் செய்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதற்காக ஒரு நீலத்திரை வரும் (முன்பு சொன்ன முடக்க நீலத்திரை அன்று), ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும், பத்து நொடி எண்ணும். யாரும் அழுத்தாவிட்டால் தன்பாட்டுக்குப் போய்விடும்.

அந்தப் பத்து நொடியில்தான் நான் காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன்.

சாவியைச் சேர்க்கும்படி மறுபடி கேட்டுக்கொண்டு, இந்த முறை படித்துப் பார்த்தே ஒரு கடவுச்சொல்லை வைத்துவிட்டு, கணினியை மீளத் தொடங்கினேன். நாற்காலியை விட்டு எழவில்லை. நீலத்திரை வந்தது. ஏழு நொடி மிச்சமிருக்கும்போது விசையை அழுத்தி, சாவியை ஏற்கச் சொல்லி, கடவுச்சொல்லைத் தட்டினேன். இருண்டு கிடந்த மானிட்டர் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு எழுந்தது, மின்விசிறி அடங்கியது. எழுத்துகள் பழையபடி பொடிப்பொடியாகச் சுருங்கின. மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனேன்.