கம்பைலர் மேல் பழி போடும் முன்

டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான வடிவம்) ஒழுங்காக ஓடுகிறது, ரிலீஸ் பில்டில் (வேகப்படுத்தி வெளியிடும் வடிவம்) விழுகிறது, அப்படியானால் நம் கோடை இயந்திர மொழியாக்கும் கம்பைலரில்தான் பக். சி மொழியில் வேலை செய்யும் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். நான் பார்த்தவரை தப்பு பெரும்பாலும் நம் கோடில்தான்.

சமீபத்தில் குழுவில் ஒரு தம்பி இப்படித்தான் வந்தார். பாக்கெட்டின் நீளம் ஒரு இன்ட், அதாவது முழு எண். அதோடு 100 கூட்டி, கூட்டியது பழைய நீளத்தைவிடக் குறைந்தால் (எண் கொள்ளளவைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு) பாக்கெட்டைத் தள்ளிவிட வேண்டும். கம்பைலர் உருவாக்கிய இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் டிஸ்அசெம்ப்ளியைத் திறந்து பார்த்தோம். ஓ-2 (கோடை வேகப்படுத்தச் சொல்லும் அமைப்பு) பில்டில் அந்த ஒப்பீடே இல்லை! சைன்டு இன்ட் (மைனஸ் எண்ணும் வைக்கும் இன்ட்) கொள்ளளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்று சி வரையறுக்கவில்லை. அதனால் தாண்டவே தாண்டாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். 100 கூட்டினால் எண் எப்படிக் குறையும்? இஃப் போய்விட்டது. வரையறுக்கப்படாத செயல்களை ஓடும்போதே பிடிக்கும் யுபிசான் கருவியைப் போட்டு, பெரிய நீளம் ஒன்றைக் கொடுத்து ஓட்டியதும் வரி எண்ணோடு சொல்லிவிட்டது. கூட்டுவதற்கு முன்பே உச்ச அளவோடு ஒப்பிடும்படி மாற்றினோம். சி மொழியின் சி23 தரத்தில் இதற்கென்றே, தாண்டியதா என்றும் சொல்லும் சிகேடி_ஆட் இருக்கிறது.

சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 2009-இல் லினக்ஸ் கர்னலின் டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் பாயிண்டரை (நினைவிட முகவரியை) முதலில் பயன்படுத்திவிட்டு, அப்புறம் அது 'நல்' (எதையும் சுட்டாத வெற்று பாயிண்டர்) ஆக இருக்கிறதா என்று சோதித்திருந்தார்கள். 'ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, நல் ஆக இருக்க முடியாது' என்று ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையை நீக்கியது. அந்த ஓட்டை வழியாக ரூட் அதிகாரம் (கணினியின் முழுக் கட்டுப்பாடு) வரை போக முடிந்தது.

சரி, கம்பைலரில் பக்கே இருக்காதா? இருக்கும். ரஸ்ட் மொழியில் ஒரு மியூட்டபிள் ரெஃபரன்ஸ் (மாற்ற அனுமதிக்கும் சுட்டி) உயிரோடு இருக்கும்வரை அந்த நினைவிடத்தை வேறு யாரும் தொட முடியாது. இந்த உறுதியை 'நோஅலியாஸ்' என்று, ரஸ்ட் கம்பைலர் கோடை உருவாக்கப் பயன்படுத்தும் எல்எல்விஎம்மிடம் சொன்னால் வேகமான கோடு கிடைக்கும். ஆனால் சி-யில் இதற்கு இணையான ரெஸ்ட்ரிக்ட்டை அதிகம் பேர் எழுதுவதில்லை, அதனால் எல்எல்விஎம்மின் அந்தப் பகுதி சரியாகச் சோதிக்கப்படவே இல்லை. ரஸ்ட் அதைப் பரவலாகப் பயன்படுத்தியதும் தப்பான கோடு வந்தது. அந்த வசதியை அணைத்தார்கள், போட்டார்கள், மறுபடி அணைத்தார்கள். 2021-இல் 1.54 பதிப்பில்தான் அது நிலைத்தது.

அதில் 2018-இல் பிடிபட்ட ஒரு பக்கைச் சில வரி சி நிரலாகச் சுருக்கினார்கள். எல்எல்விஎம் மேல் இயங்கும் கிளாங் கம்பைலரிலும் தப்பு, ஜிசிசியிலும் தப்பு. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் முதலில் யுபிசான் ஓட்டுங்கள். அது எதுவும் சொல்லவில்லை என்றால் கோடைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். சுருக்கும்போதே பல நேரம் நம் தப்பு கண்ணில் பட்டுவிடும். படவில்லை என்றால், மிஞ்சிய அந்தப் பத்து வரியைக் கம்பைலர் பதிப்பு, ஃபிளாகுகளோடு தயங்காமல் ரிப்போர்ட் செய்யுங்கள்.