ஓரம் மட்டும் ஏன் நெளிகிறது?

“துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துக் கையால் தைத்த குவில்ட் போர்வை. நடுப்பகுதி படிந்து கிடக்கிறது, ஓரம் மட்டும் அலை அலையாக எழும்புகிறது. எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அப்படியேதான் இருக்கிறது. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அது சுருக்கம் இல்லை, அதனால்தான். சுருக்கம் என்பது துணி மடிந்த தடம். சூடும் ஈரமும் பட்டால் போய்விடும். ஓரத்தில் இருப்பது உபரி நீளம். நடுப்பகுதியைவிட விளிம்பு நீளமாகிவிட்டால், மிஞ்சிய துணி போக இடமில்லாமல் மேலும் கீழுமாக எழும்பும்.

எவ்வளவு மிஞ்சினால் எவ்வளவு எழும்பும்? 150 செ.மீ. ஓரத்தில் வெறும் 1.5 செ.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அது 30 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து அலைகளாகப் பிரிந்தால், ஓர் அலைக்கு 3 மி.மீ. உபரிதான் வருகிறது. ஆனால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரமோ ஏறக்குறைய 19 மி.மீ.! அலையின் உயரம் உபரியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கஷ்டப்பட்டு உபரியைக் கால்வாசியாகக் குறைத்தாலும் உயரம் பாதிக்குத்தான் இறங்கும். தையல்காரர் கண்ணுக்குத் தப்பிய மில்லிமீட்டரைக் குவில்ட் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது.

பிளாஸ்டிக் தாளைக் கிழித்தால் விளிம்பு சுருள்வதும் இதே கணக்குதான். 2002இல் ‘நேச்சர்’ இதழில் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. “இதற்கெல்லாமா ஆராய்ச்சி நிதி?” என்று சிரிப்பவர்கள் உண்டு. பூவிதழின் நெளிவும் இந்தக் கணக்கில் அடங்குகிறது என்பதால், தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன்.

உபரி எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் கிராஸ், அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டிய துணி. ஒரு கைக்குட்டையை அதன் நீளவாட்டு நூலான பாவு நூலின் திசையில் இழுத்தால் நூலே நீள வேண்டும், அதனால் இடம் கொடுக்காது. மூலைக்கு மூலை இழுங்கள்: எந்த நூலும் நீளாமலே, நூல்களுக்கு இடையிலுள்ள சதுரங்கள் சாய்சதுரமாகிவிடும். முக்கோணத் துண்டுகளின் சாய்ந்த பக்கம் இப்படித்தான் நீள்கிறது. இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் இழுத்துத் தேய்த்தால் இன்னும் மோசம். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, குவில்ட்டைச் சுற்றி வரும் பட்டையான பார்டரை அளக்காமல் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சத்தை வெட்டுவது. குவில்ட்டின் நடுவில் ஓர் இடம், இரு பக்கமும் ஒவ்வோர் இடம் என மூன்று அளவு எடுத்து, அவற்றின் சராசரிக்குப் பார்டரை வெட்டுங்கள். பாதி, கால் புள்ளிகளில் ஊசி குத்திவிட்டுத் தையுங்கள்.

மூன்றாவது, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் தையல் போடுவது. ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளிழுக்கும். நடு சுருங்க, ஓரம் மட்டும் நீளமாகவே நிற்கும்.

தைத்து முடித்த பிறகு கைகொடுப்பது தண்ணீர். பருத்தி இழையில் உள்ள செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருக்கின்றன. தண்ணீர் நுழைந்தால் அவற்றில் பல விட்டுக்கொடுக்கும். காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிணையும். முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பிறகு நனைத்து, முறுக்காமல் ஒற்றிப் பிழிந்து, தடித்த விரிப்பின்மேல் பரப்புங்கள். தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் கைத்தையல் நூல் அறுந்துவிடலாம். பக்கங்களின் நடுவிலிருந்து மூலையை நோக்கித் துருப்பிடிக்காத ஊசிகளைக் குத்துங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளம் வர வேண்டும். முழுக்கக் காயும்முன் எடுத்தால் பாடெல்லாம் வீண். அடுத்த சலவையில் பிணைப்புகள் மறுபடி அவிழும் என்பதால், அப்போதும் இதையே செய்ய வேண்டும். பாலியெஸ்டர் துணி தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. அதில் இந்த வித்தை பலிக்காது.

இதில் ஓரம் குட்டையாவதில்லை, நடுதான் சற்று நீண்டு ஓரத்துக்கு ஈடுகொடுக்கிறது. நடுவை அதற்குமேல் இழுக்க முடியாத அளவுக்கு உபரி இருந்தால் பார்டரில் நெருக்கமாகத் தையல் ஓட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பார்டரைப் பிரித்து, நடு அளவுக்கு வெட்டி, மறுபடி தைக்க வேண்டியதுதான்.