கடலுக்கு உறைக்காது, 40 லிட்டருக்கு உறைக்கும்

நாலு நாள் ஊருக்கு போயிட்டு வந்து பாத்தா, என் கடல் மீன் டேங்க்ல பூ மாதிரி விரிஞ்சு இருந்த அனிமோன் (பாறைல ஒட்டி வாழுற, கொட்டுற கடல் பிராணி) வதக்கின கத்திரிக்கா கணக்கா சுருங்கி கிடக்கு. டேங்க் வெறும் 40 லிட்டர். தினமும் ஒரு லிட்டர் ஆவியாகும், அத ஊத்துடான்னு தம்பிகிட்ட சொல்லிட்டு தான் போனேன், அவனும் பொறுப்பா ஊத்திருக்கான், ஆனா கடல் மீன் தொட்டி தானேன்னு பக்கெட்ல கலந்து வச்சிருந்த உப்பு தண்ணிய ஊத்திருக்கான்.

ஆவியா போறது தண்ணி மட்டும் தாங்க, உப்பு அப்படியே உள்ள நின்னுடும். லிட்டருக்கு 35 கிராம்னு வச்சா டேங்க்ல மொத்தம் 1400 கிராம் உப்பு, நாலு நாள்ல இன்னொரு 140 கிராம் ஏறினா லிட்டருக்கு 38.5 ஆயிடுது. இதே தப்பு 400 லிட்டர் டேங்க்ல நடந்திருந்தா 35.35 தான், யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. கடல்ல அனிமோனுக்குள்ளயே குடியிருக்குற க்ளவுன் மீன் என் டேங்க்ல ரெண்டு இருக்கு, அதுங்க சமாளிச்சிடும், அதிகப்படி உப்ப செவுள் வழியா வெளிய தள்ளிடும். அனிமோனுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது, வெளிய எவ்ளோ உப்போ உள்ளயும் அவ்ளோ, அதான் அது முதல்ல சுருண்டுடுச்சு. ஊத்த வேண்டியது உப்பு போடாத ஆர்ஓ தண்ணி.

அடுத்தது வெளிச்சம். அனிமோன் விலங்கு தான், ஆனா அதோட சதைக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல சமைக்கிற சர்க்கரைல தான் பாதி பொழப்பு ஓடுது. கடைல வெள்ளை வெளேர்னு ஒண்ணு இருந்தா அழகா இருக்கேன்னு தூக்கிட்டு வந்துடாதீங்க, பாசி வெளியேறி பட்டினில கிடக்குற அனிமோன் பெரும்பாலும் அப்படி தான் இருக்கும்.

இன்னொரு தலைவலி, அது நடக்கும்! இடம் பிடிக்கலன்னா அடிப்பாதத்த விடுவிச்சு மெதுவா நகந்து போய் வேவ்மேக்கர்ல, அதான் தண்ணிய சுழல விடுற ஃபேன்ல, மாட்டிக்கும். எலும்பு கிடையாது, மிக்ஸில போட்ட மாதிரி தான், அந்த சதை அழுகி கிளம்புற அம்மோனியா 40 லிட்டர்ல கலந்தா விடியறதுக்குள்ள மீனும் காலி. வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்ச் கவர் போடாம அனிமோன விடவே விடாதீங்க, டேங்க் செட் ஆகவும் ஒரு ஆறு மாசமாவது விடுங்க. பபுள் டிப் வகை 30 சென்டிமீட்டர் வரை விரியும், அதனால சின்ன டேங்க்ல அது கொஞ்ச நாள் விருந்தாளி தான்னு நினைச்சுக்கோங்க.

சரி, மத்த மீன கொட்டுற அனிமோன் க்ளவுன் மீன மட்டும் ஏன் விடுது? மீன் தோல் வழுவழுப்புல சியாலிக் ஆசிட்னு ஒரு சமாச்சாரம் இருக்கும், அனிமோனோட கொட்டுற செல்லுக்கு அது ஒரு சிக்னல் மாதிரி. வளந்த க்ளவுனோட வழுவழுப்புல அது ரொம்ப கம்மி. குஞ்சுப் பருவத்துல நல்லாவே இருக்கும், அப்ப போனா அதுக்கும் கொட்டு தான். பதிலுக்கு மீன் போடுற கழிவு உள்ள இருக்க பாசிக்கு உரம், ராத்திரி அது துடுப்ப ஆட்டிட்டே இருக்கறதுல ஆக்சிஜனும் கிடைக்குது.

ஆனா பண்ணைல பொரிச்ச க்ளவுனுக்கு அனிமோன் இல்லாமலே வாழத் தெரியும். என் டேங்க்ல அனிமோன் தேறி விரிஞ்சப்புறமும் ரெண்டு மீனும் மூணு வாரம் அத சீண்டல, கண்ணாடி துடைக்கிற மேக்னெட்டோட ஒட்டிக்கிட்டே தூங்குச்சுங்க.