போஸ்டில் கூடையைப் போடுவது கால்தான்

சேலத்துப் பள்ளி மைதானங்களில் கூடைப்பந்து டீம் எடுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் யார் உயரமோ அவனை "நீ போய் ரிங்குக்குக் கீழ நில்லுடா" என்று அனுப்பிவிடுவார்கள். அதோடு அவன் பயிற்சி முடிந்தது. பாஸ் வந்தால் கையைத் தூக்கிப் போட வேண்டும், வராவிட்டால் ரீபவுண்டுக்கு, அதாவது உள்ளே போகாமல் தெறிக்கும் பந்துக்கு, குதிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஒரு மேட்ச்சில் அவனைவிடக் குட்டையான, ஆனால் கால் போடத் தெரிந்த ஒருத்தன் வந்து, அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடை போட்டுவிடுவான். ரிங்குக்குப் பக்கத்து இடமான லோ போஸ்டில் உயரம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆட்டத்தை முடிவு செய்வது பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் நடப்பது.

முதலில் இடம். பெயின்ட் என்று நாம் சொல்லும் செவ்வகத்தின் ஓரக்கோட்டை ஒட்டி, பேஸ்லைனுக்கு, அதாவது ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டுக்கு, பக்கத்தில் இருப்பதுதான் லோ போஸ்ட். சர்வதேச விதிப்படி அந்தச் செவ்வகம் 4.9 மீட்டர் அகலம், ஆகவே கோட்டில் நிற்பவனுக்கு ரிங்கின் நடுப்புள்ளி சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது. ரிங் 3.05 மீட்டர் உயரத்தில். தன் டீம் கையில் பந்து இருக்கும்போது செவ்வகத்துக்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் கோட்டோரமாக முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, சரியாக ஓர் அடி வைத்தாலே ரிங் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அந்த ஓர் அடிக்காகத்தான் இத்தனை சண்டையும்.

சண்டை இடுப்பில் நடக்கிறது. ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் போடும் கண்டக்டரைப் பார்த்திருப்பீர்கள், காலை அகட்டி முழங்காலை லேசாக மடக்கி நிற்பார். பாதங்களுக்கு நடுவே உள்ள பரப்புக்கு மேலேயே உடலின் ஈர்ப்பு மையம் இருக்கும்வரை ஆள் சாய மாட்டார். பரப்பு பெரிதாக, மையம் தாழ்வாக இருந்தால் சாய்ப்பது இன்னும் கஷ்டம். போஸ்ட் ஆட்டக்காரன் நிற்க வேண்டியதும் அப்படித்தான்.

தாழ்ந்து நிற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, இதைப் பல கோச்சுகள் செய்யச் சொல்வார்களே தவிர ஏன் என்று சொல்வதில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டு பேர் மேலும் விழும் விசை சமம். அப்படியானால் யார் நகர்வார்? யாருடைய ஷூவுக்குத் தரையில் பிடிப்பு குறைவோ அவர். அந்தப் பிடிப்பு, அதாவது உராய்வு, பாதம் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் எதிராளியைவிடத் தாழ்வாக உட்கார்ந்து இடுப்பால் சற்று மேல்நோக்கித் தள்ளினால், அவர் எடையில் ஒரு பங்கை நீங்கள் தாங்கிக்கொள்கிறீர்கள். 80 கிலோ ஆளில் 10 கிலோ அளவுக்கு அப்படி ஏந்திவிட்டால் அவர் பாதம் 70 கிலோவுக்கான பிடிப்போடுதான் நிற்கும், அந்த 10 கிலோ உங்கள் பாதத்தில் வந்து சேரும். அவர் வழுக்குவார், நீங்கள் ஊன்றுவீர்கள். ஒல்லியான பையன் ரிங்குக்கு அடியில் ஆடும் குண்டான சென்டரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவது இப்படித்தான்.

சரி, பந்து வருகிறது. அதை ஒரு சின்னக் குதிப்போடு வாங்கி, இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி நில்லுங்கள். இப்படி நின்றால் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக, நிலைக்காலாக, வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. எந்தக் கால் என்று நீங்கள் முடிவு செய்யாதவரை டிஃபென்டர், அதாவது உங்களைத் தடுக்க நிற்பவர், இரண்டு பக்கமும் காவல் காக்க வேண்டும். ஒரு கால் முதலில், மற்றது பிறகு தரையில் படும்படி வாங்கினால் முதலில் பட்ட கால்தான் பிவட், பாதி ரகசியம் அங்கேயே போச்சு.

இப்போது முதுகில் அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று உணருங்கள். பார்க்கத் தேவையில்லை, தோளிலேயே தெரியும். வலது தோளில் அழுத்தம் என்றால் இடது பக்கம் வழி திறந்திருக்கிறது. இடது காலைப் பின்னால் வீசி, அவருடைய பாதத்தைத் தாண்டி, கால்விரல்கள் ரிங்கைப் பார்க்கிற மாதிரி ஊன்றுங்கள். இதுதான் டிராப் ஸ்டெப். அந்தக் கால் விழுந்ததும் உங்கள் இடுப்பு அவருக்கும் ரிங்குக்கும் குறுக்கே வந்துவிடுகிறது. நீங்கள் சுழன்றது மிகச் சின்ன வட்டம், அவர் இனி உங்களைச் சுற்றி வர வேண்டியது பெரிய வட்டம், அதுவும் உங்களைத் தள்ளாமல். தள்ளினால் ஃபவுல். அப்புறம் இரண்டு கையாலும் பந்தை ஒரு முறை பலமாகத் தட்டி எடுத்து, இரண்டு காலிலும் எழும்ப வேண்டியதுதான். நம் பையன்கள் இங்கே செய்யும் தவறு ஒன்றே ஒன்று: காலைப் பக்கவாட்டில் வைப்பது. பக்கவாட்டில் வைத்தால் உடம்பு பேஸ்லைன் பக்கம் ஒதுங்கி, போர்டுக்குப் பின்னால் போய்விடும். அடி வைத்த பிறகு ரிங் முன்னைவிடப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது டிராப் ஸ்டெப்பே இல்லை.

சுழலும்போது குதிகாலை லேசாகத் தூக்கி, பாதத்தின் முன்பகுதியில் திரும்புங்கள். முழுப் பாதமும் தரையில் படிந்திருந்தால் சுழற்சியை எதிர்க்கும் உராய்வு, சுழலும் புள்ளியிலிருந்து தள்ளித் தள்ளி வேலை செய்கிறது. உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழுதும் முழங்காலில் இறங்கும். முழங்கால் தசைநார் கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பழக்க வேண்டிய விஷயம் இது.

டிஃபென்டர் இதையெல்லாம் தெரிந்தவராக இருந்தால்? அப்போது ஃபேக், பொய்யாகக் காட்டி ஏமாற்றுவது. எனக்குப் பிடித்தது அப் அண்ட் அண்டர். ஷூட் பண்ணுவது போல் பந்தையும் தலையையும் உயர்த்துகிறீர்கள், முழங்கால் மட்டும் மடங்கியே இருக்கிறது. அவர் குதித்துவிடுகிறார். ஐம்பது சென்டிமீட்டர் குதித்தவர் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.64 விநாடி. அந்த நேரம் முழுக்க அவர் மேல் வேலை செய்வது புவியீர்ப்பு மட்டும்தான், திசை மாற்ற ஊன்றிக்கொள்ளத் தரை கிடையாது. எவ்வளவு திறமைசாலியானாலும் சரி, போன பாதையில்தான் இறங்கியாக வேண்டும். உங்கள் கால் தரையில் இருக்கிறது. அவருக்கு அடியில் ஒரு நீளமான அடி வைத்து, மறுபக்கத்தில் பந்தை விடுவதற்கு அந்த நேரம் தாராளம்.

இதைச் செய்தவுடன் உள்ளூர் மேட்ச்சில் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் "டிராவல்! டிராவல்!" என்று, பந்தோடு விதியை மீறிக் கால் நகர்த்திவிட்டதாக, கத்துவார்கள். இல்லை. பிவட் காலைத் தூக்கலாம். தூக்கிய கால் மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தால் போதும். தூக்கிய கால் பந்து கையில் இருக்கும்போதே மறுபடி தரையில் பட்டாலோ, பிவட்டைத் தூக்கிய பிறகு டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டுவது, தொடங்கினாலோதான் டிராவல். இந்த ஒரு விதி தெரியாததால் எத்தனையோ பையன்கள் இந்த மூவையே கைவிட்டுவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் கெவின் மெக்ஹேல் இதை வைத்துக்கொண்டே வாழ்க்கை முழுக்க ஆளை ஏமாற்றினார்.

ஹக்கீம் ஒலாஜுவான் இன்னும் ஒரு படி மேலே. நைஜீரியாவின் லாகோஸில் பிறந்து, ஹேண்ட்பாலும் கால்பந்து கோல்கீப்பிங்கும் ஆடிவிட்டு, பதின்பருவத்தில்தான் கூடைப்பந்துக்கு வந்தவர். 1994லும் 1995லும் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். தோளை ஒரு பக்கம் காட்டுவார், டிஃபென்டரின் எடை அந்தக் காலுக்குப் போகும், இவர் அதற்குள் மறுபக்கம் சுழன்றிருப்பார். ஒரு பக்கம் நகரத் தொடங்கிய கனமான உடம்பை நிறுத்தி எதிர்த் திசையில் திருப்ப, கண் பார்த்து மூளை முடிவெடுக்க மட்டுமே 0.2 விநாடி ஆகும். அதற்கு மேல் உந்தத்தை அடக்கும் நேரம் வேறு. ஆள் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு லேட்.

ஹூக் ஷாட்டில் கணக்கு வேறு. பக்கவாட்டில் நின்று, தூரத்துக் கையால் வளைத்து விடுவதால், டிஃபென்டருக்கும் பந்துக்கும் நடுவே உங்கள் தோள் அகலம் முழுக்க இருக்கிறது. கரீம் அப்துல்-ஜப்பார் கல்லூரியில் ஆடியபோது, 1967ல், அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டங்க்கையே, பந்தை மேலிருந்து ரிங்குக்குள் அறைவதையே, தடை செய்தார்கள், தடை 1976 வரை இருந்தது. அவர் ஹூக்கைத் தீட்டிக்கொண்டார். என்.பி.ஏ.வில் அவர் எடுத்த 38,387 புள்ளிகளைத் தாண்ட 2023 வரை ஆள் இல்லை. அதற்கும் முன்பு ஜார்ஜ் மைக்கன் ரிங்குக்கு அடியில் அசைக்க முடியாமல் நின்றதால் 1951ல் என்.பி.ஏ. பெயின்ட் செவ்வகத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியது. அவர் பெயரில் உள்ள பயிற்சி, ரிங்கின் இரண்டு பக்கமும் மாறி மாறி இரண்டு கையாலும் போடுவது, ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

இனி நம்ம ஊர்த் தரை. சேலத்து சிமென்ட் கோர்ட்டில் கோடையில் நுண்ணிய தூசி படிந்திருக்கும், ஷூவின் அடியைக் கையால் துடைக்காமல் ஆடினால் டிராப் ஸ்டெப் சறுக்கும். ஏற்காட்டில் காலைப் பனியில் கோர்ட் ஈரமாகவே இருக்கும். காலை அகலமாக வைக்க வைக்கத் தரையைப் பக்கவாட்டில் தள்ளும் பங்கு கூடும், ஈரத் தரை அதைத் தாங்காது. அங்கே அடியைச் சுருக்கி, ஒன்றுக்குப் பதில் இரண்டாக வையுங்கள்.

பந்தையும் கவனிக்க வேண்டும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கீழே அளவாகக் காற்றடித்த பந்து மேலே போனதும் கல் மாதிரி விறைப்பாகிவிடும். குளிர் அதில் ஒரு பங்கைக் குறைத்தாலும் மொத்தத்தில் பந்தின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. (பம்ப் மீட்டரில் காட்டும் அழுத்த அளவு) போலக் கூடித்தான் நிற்கும். போர்டில் பட்டு வழக்கத்தைவிடத் தூரம் தெறிக்கும், கிட்டத்தில் போடும் போஸ்ட் ஷாட்டுக்கு அது நிறையவே வித்தியாசம். தலை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எழும்பினால் சரியான காற்று. அதைத் தாண்டினால் ஊசி போட்டு லேசாக இறக்குங்கள், அடிவாரம் திரும்பியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.