டிஸ்சார்ஜுக்குப் பிறகு எங்கே: வீடா, ஹோமா, மறுவாழ்வு மையமா?

டிஸ்சார்ஜ் எழுதிய கையோடு குவைத்திலிருந்து மகன் கூப்பிடுவார். "அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகவா, ஏதாவது ஹோமில் விடவா?" பிசியோதெரபிஸ்டாக நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூத்திரம் முட்டினால் யார் எழும்புவாங்க?

அம்மா என்று பதில் வரும். அவருக்கே மூட்டுவலி. சரி, ஹோம் நர்ஸ் வைக்கலாம். ஏஜென்சி அனுப்புகிறவர்களில் நர்ஸிங் படித்தவர்கள் குறைவு. முன்பணம் கொடுக்கும் முன், நோயாளியை எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லிப் பாருங்கள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் ஆகாது, பக்கவாதம் வந்த கை என்றால் தோள் மூட்டே நழுவும். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பாதம் தரையில் பதிய, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியவைத்தால் பாதி பாரம் தானே எழும்பிவிடும்.

நம்மூர் வீடுகளும் லேசுப்பட்டவை அல்ல. உயரமான வாசல்படி, பிடிக்கக் கம்பி கிடையாது, கழிப்பறை பின்புறம். ஆனி, ஆடிச் சாரல் ஓய்ந்தால் ஐப்பசி மழை. முற்றத்தில் பாசி காயவே காயாது. கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி, சுவரில் இரண்டு கைப்பிடி இல்லாமல் கூட்டிவர வேண்டாம்.

முதியோர் இல்லங்கள் பலவற்றில், தன் காரியத்தைத் தானே பார்ப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள். இல்லத்தை நேரில் பார்க்கப் போகும்போது பூந்தோட்டத்தையும் ஜெபக்கூடத்தையும் விடுங்கள். காலை பதினொரு மணிக்கு எத்தனை பேர் கட்டிலில் கிடக்கிறார்கள், நடக்கிறவருக்கும் டயப்பர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிடையாய்க் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடாவிட்டால் முதுகில் புண் வரும்.

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு என்றால், தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு மையத்தில் சில வாரம் இருப்பதே என் கட்சி. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் வேகமாகத் தேறும் காலம். தினமும் பயிற்சி உண்டா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்று பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள். ஏசி அறைக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

எண்ணெய் தடவும் ஆசானை, அதாவது நாட்டு வைத்தியரை, இடையில் கூப்பிடாதவர்கள் இங்கே குறைவு. தடவினால் சுகம்தான், ஆனால் படுத்தே இருப்பவருக்குத் தொடையில் சதை வைக்காது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தடவவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம்.

தாமாக நாற்காலிக்கு மாறத் தொடங்கியதும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். டிஸ்சார்ஜ் சீட்டோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள்.