தம்பி, நீ யாரு ஆளு?

படப்பிடிப்பில் புதுமுகம் ஒன்று ஓரமாக நின்றால் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிற முதல் கேள்வி இதுதான். பெயர், ஊரெல்லாம் அப்புறம். கேமரா ஆளா, ஆர்ட் ஆளா, காஸ்ட்யூமா, டைரக்‌ஷனா? ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட் பெயரைச் சொல்லிவிட்டால் பந்தியில் இலை விழும், வண்டியில் இடம் கிடைக்கும், மழை வந்தால் "இங்க வந்து நில்லு" என்று கூப்பிட ஆள் இருக்கும். "இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கேனுங்ணா" என்று மட்டும் சொன்னால், கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது பதிலே இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் 16 வருடமாகப் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். சீரியல், சினிமா அவுட்டோர், விளம்பரம், கம்பெனிப் படம் எல்லாவற்றுக்கும் லொகேஷன், வண்டி, சாப்பாடு பார்த்தாயிற்று. ஏப்ரல் பிறந்துவிட்டால் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். "ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைக்குங்களாண்ணா?" கிடைக்கும். ஆனால் வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் பாதியை நானே தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

ஆழியாறு பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சீரியல் ஷூட்டிங். இரண்டாம் வருடம் படிக்கிற பெண் ஒருத்தி வந்திருந்தாள். டைரக்‌ஷன் பக்கம் யாரோ "வாம்மா, வந்து பாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தகவல் இல்லை. மத்தியானம் முதல் பந்தியில் அவள் உட்காரவில்லை, இரண்டாவதிலும் இல்லை. எங்கள் பையன்கள் டிபார்ட்மென்ட் வாரியாகத்தான் கூப்பிட்டுப் பரிமாறுவார்கள். அவளைக் கூப்பிட யாருமில்லை, கூப்பிடாமல் போய் உட்காரக் கூச்சம். டீ நேரத்தில் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நான் வண்டி லிஸ்ட் எழுதுவேன். ஆர்ட்டிஸ்ட் கார் எத்தனை, கேமரா வண்டி, டெம்போ டிராவலரில் யார் யார் என்று. அன்றைக்குப் பேக்கப் ஆக ராத்திரி பத்தேகால். வண்டிகள் ஒவ்வொன்றாகப் பொள்ளாச்சி லாட்ஜுக்குக் கிளம்பின. ஜெனரேட்டர் வண்டிதான் எப்போதும் கடைசி, நானும் அதோடுதான் போவேன். ஜெனரேட்டரை அணைத்ததும் தோப்பு மொத்தமும் இருட்டிவிட்டது. அந்த இருட்டில் ஒரு மரத்தடியில் மட்டும் சின்னதாகப் போன் வெளிச்சம்.

"அம்மிணி, நீ இன்னும் போகலையா?"

"எனக்கு எந்த வண்டீங்கண்ணா?"

டைரக்‌ஷன் வண்டிக்காரர்கள் அவள் காஸ்ட்யூம் வண்டியில் போயிருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். காஸ்ட்யூம்காரர்கள் அதையே திருப்பி நினைத்திருக்கிறார்கள். என் லிஸ்ட்டில் பெயரே இல்லை. கோவையில் அவளுடைய ஹாஸ்டல் கேட் எப்போதோ பூட்டியிருக்கும். உடுமலையிலிருந்து அவளுடைய அப்பாவை வரவழைத்தோம். சத்தம் போடுவார் என்று தயாராக நின்றேன். "ஏனுங்க, சாயங்காலமே ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து நின்னிருப்பேனுங்களே" என்றார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருக்கலாம், மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து என் லிஸ்ட்டில் கடைசியாக ஒரு வரி சேர்ந்தது: மாணவர்கள்.

ஸ்டுடியோக்கள் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இப்படி இருந்திருக்காது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, புலியகுளத்தில் பட்சிராஜா, சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று கொங்கு நாட்டுக்குள்ளேயே படம் எடுத்த நாட்கள் அவை. மாடர்ன் தியேட்டர்ஸ் மட்டுமே நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. உள்ளே வேலை செய்தவர்களுக்கு மாதச் சம்பளம். கேட்டுக்குள் நுழைந்த பையன் ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட்டின் பையன் ஆகிவிடுவான். இன்றைக்கு யூனிட் சென்னையிலிருந்து வருகிறது, பத்து நாள் கோபியிலோ ஆனைமலையிலோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. படம் முடிந்தால் அந்தக் கூட்டமே கிடையாது. கல்லூரிக்குச் சான்றிதழ் கேட்டுப் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது.

அதனால்தான் போவதற்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் வாங்கு என்கிறேன். எந்த டிபார்ட்மென்ட், அங்கே உனக்குப் பொறுப்பு யார், அவர் போன் நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கால்ஷீட் எத்தனை மணிக்கு, திரும்பி வர வண்டி உண்டா, தங்கல் எங்கே, பேட்டா என்கிற தினப்படி உண்டா இல்லையா. பேட்டா இல்லை என்றால் இல்லை என்றே எழுதட்டும், அதில் குறையில்லை. வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பினாலும் போதும். ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று வீட்டுக்கு. "நம்ம பையன்தானே, எதுக்குக் கடுதாசியெல்லாம்?" என்று சிரிக்கிறவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகாது.

பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் 8,000 ரூபாய் கட்டி 'சினிமா இன்டர்ன்ஷிப்' போனான். முப்பது நாளும் ஓர் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து யூடியூப் வீடியோவுக்குத் தம்ப்னெயில் செய்துவிட்டு, தங்க நிறத்தில் பார்டர் போட்ட சான்றிதழோடு வந்தான். பயிற்சி வகுப்பு என்றால் கட்டணம் வாங்கலாம், அது வேறு கணக்கு. உன் உழைப்பையும் வாங்கிக்கொண்டு உன்னிடமே பணமும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

யூனிட்டுக்கு வந்தபின் மாணவர்கள் செய்கிற பெரிய தப்பு, நல்லெண்ணத்தில் செய்வது. சும்மா நிற்கக் கூடாதே என்று லைட் ஸ்டாண்டைத் தூக்கப் போவார்கள். லைட்மேன் கத்துவார், பிள்ளைக்கு முகம் வாடிவிடும். அவர் கத்துவது திமிரில் இல்லை. பெப்சி என்கிற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்தச் சங்கத்து ஆள் உண்டு, அது அவருடைய நாள் சம்பளம். இன்னொரு காரணம் மின்சாரம். எங்கள் ஊர்த் தோப்புகளில் காலையில் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். மேலே மட்டை காய்ந்து கிடக்கும், அடியில் மண் சதசதவென்றிருக்கும். அதன் மேல்தான் ஜெனரேட்டரிலிருந்து கேபிள் ஓடும். ஒரு தடவை ரப்பர் செருப்போடு வாய்க்காலைத் தாண்டி கேபிள் ஜாயின்ட்டைக் கையில் எடுக்கப் போன மாணவனை லைட்மேன் பிடரியில் ஒன்று வைத்து இழுத்தார். அடித்தது தப்புதான். ஆனால் அவர் இழுக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

2020 பிப்ரவரியில் சென்னை அருகே ஒரு செட்டில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். பழகிய ஆட்களுக்கே அப்படி என்றால், வந்து ஒரு வாரமான பிள்ளைக்குத் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்கத் தோன்றுமா? அடைத்த ஷூ போட்டுக்கொண்டு வா, கிரேனுக்கும், கேமராவை மாட்டித் தூக்குகிற நீளக் கையான ஜிம்மிக்கும் கீழே நிற்காதே, கேபிளைத் தொடாதே. கல்லூரியில் மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். என் அனுபவத்தில் பேராசிரியர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

பெண் பிள்ளைகளும் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டம். சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வந்தவரும் அந்தச் சட்டத்தின் கணக்கில் பணியாளர்தான். வேலைக்காகப் போகிற அவுட்டோரும், கம்பெனி அனுப்புகிற வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கிற குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித் தருவார்கள். எங்களுக்கு அடுத்த ஊரான பாலக்காட்டிலிருந்து மலையாள யூனிட்டுகள் அடிக்கடி வரும். ஒவ்வொரு படத் தயாரிப்புக்கும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-லேயே சொல்லிவிட்டது. நம் பக்கம் வருகிற யூனிட்டில் குழு இருக்கிறதா என்று ஒரு மாணவி கேட்டால் அதை அதிகப்பிரசங்கித்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது என் தொழில்காரர்களுக்காக எழுதும் வரி.

மொபைலில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதைப் பற்றி நீட்ட வேண்டாம். ஹீரோயின் கெட்டப் வெளியே போய்விட்டால் அடுத்த நாள் கேட்டில் இன்டர்ன் யாரையும் விட மாட்டார்கள், வைத்தது ஒருத்தர்தான் என்றாலும். டிரோன் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: சூலூரில் விமானப்படைத் தளம், பீளமேட்டுப் பக்கம் ஏர்போர்ட், மேலே போனால் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் பறக்கவிட நம் ஊர் தோதான இடமில்லை.

சரி, சினிமாதான் வேண்டுமா? என்னைக் கேட்டால் முதல் இன்டர்ன்ஷிப்புக்குச் சினிமா யூனிட் வேண்டாம் என்பேன். நூறு பேர் நிற்கிற இடத்தில் நூற்றொன்றாவது ஆளாக நின்று மானிட்டரை எட்டிப் பார்ப்பதில் என்ன வந்துவிடும்? கோவையிலும் திருப்பூரிலும் கம்பெனிப் படம் எடுக்கிற சின்ன டீம்கள் நிறைய. பம்பு, மோட்டார், ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி என்று வாரம் ஒரு ஷூட். நாலு பேர் டீமில் நீ ஐந்தாவது ஆள். வேலை உன் கைக்கு வந்தே தீரும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்படி ஒரு ஷூட். நிட்டிங் மெஷின் ஓடினால் பக்கத்தில் பேசுவது கேட்காது. பஞ்சு பறந்து லென்ஸில் ஒட்டும். மத்தியானம் மெஷின்கள் நின்ற நேரத்தில் கட்டிங் செக்‌ஷனில் முதலாளியின் பேட்டியை எடுத்தோம். சவுண்டுக்கு உதவியாக நின்ற மாணவன் பேட்டி முடிந்ததும் கையைத் தூக்கினான். "முப்பது செகண்டு யாரும் பேசாதீங்க, இந்த ரூமோட சத்தத்தை மட்டும் எடுத்துக்கறேன்." டெய்லர் ஒருத்தருக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். எடிட்டிங்கில் பேட்டியை வெட்டி ஒட்டிய இடங்களில் அந்த முப்பது செகண்டுதான் கைகொடுத்தது.

அதே பையன்தான் சாயங்காலம் கேமராவின் மெமரி கார்டு ஒன்றை ஃபார்மேட் செய்து அழித்துவிட்டான். காலி கார்டு என்று நினைத்துவிட்டான், அதில் காலையில் எடுத்தது மொத்தமும் இருந்தது. முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தவனிடம் கேமராமேன் ஒன்று மட்டும் கேட்டார்: "அதுக்கப்புறம் அதுல ஏதாவது ஷூட் பண்ணினியா?" இல்லை. அதனால் ரெக்கவரி சாஃப்ட்வேரில் பெரும்பகுதி திரும்பி வந்தது. தப்பு அவனுடையது மட்டுமா? யூஸ் பண்ணின கார்டு, காலி கார்டு இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தது நாங்கள். இரண்டு டிஸ்கில் காப்பி ஏறும் வரைக்கும் எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது, அழிப்பதும் ஒரே ஆள்தான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது அவன் கோவையில் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவில் இருக்கிறான். எடுத்த கார்டை லேபிள் கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்து வைப்பான்.

போன மே மாதம் ஆனைமலைப் பக்கம் ஒரு விளம்பரப் படம். காலை ஐந்தரைக்கு ஒரு பெண் வந்து நின்றாள், அடைத்த ஷூ, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் கடிதம். "நீங்க யாரு ஆளுங்க?" என்றேன். "ஆர்ட் டிபார்ட்மென்ட்டுங்க. ராத்திரி பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எந்த வண்டீங்கண்ணா, நம்பர் சொன்னீங்கன்னா அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்றாள். சொன்னேன், எழுதிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாத்ரூம் எங்கீங்கண்ணா?" என்று கேட்டாள்.

கேரவன் ஒன்றுதான், அது ஆர்ட்டிஸ்டுக்கு. 16 வருடத்தில் அதைத் தாண்டி நான் யோசித்ததில்லை. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு நானே நடந்து போய், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னேன்.