மழை விட்ட மறுநாள் பொதிகை ஏன் கிட்ட வருகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வேலை விஷயமாக ஆஸ்திரியா போன மகன் இன்ஸ்ப்ரூக் நகரத்திலிருந்து போட்டோ அனுப்பி, "மலைக்கு முன்னால் இவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிற ஊர் உலகத்திலேயே கிடையாதும்மா" என்று சொன்னாராம். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம பொதிகை எதில் குறைச்சல்? மழை விட்ட மறுநாள் மொட்டை மாடிக்குப் போனால் மலை அடுத்த தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி நிற்கிறது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் இருந்த இடமே தெரியவில்லை. அது ஏன்?" என்று கேட்டிருக்கிறார்.

மகன் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு மலை வானத்தில் எவ்வளவு உயரமாகத் தெரிகிறது என்பதைக் கையாலேயே அளக்கலாம். கையை நன்றாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் ஏறக்குறைய 2 பாகை (டிகிரி). மூடிய முட்டி 10 பாகை. விரித்த சாண் 20 பாகை. இன்ஸ்ப்ரூக்குக்கு வடக்கே நிற்கும் ஹாஃபெலெகார் சிகரம் 2334 மீட்டர். ஊரின் தரைமட்டமே 574 மீட்டர். இடைவெளி 5 கிலோமீட்டர்தான் என்பதால் மலை வானத்தில் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கேப் டவுனின் டேபிள் மலை 1086 மீட்டர்தான், ஆனால் நகரத்தின் முதுகிலேயே ஒட்டியிருப்பதால் அதுவும் முக்கால் சாண் வரும். நேபாளத்தின் பொக்காராவில் 6993 மீட்டர் மச்சாபுச்சாரே, 30 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், ஒரு முட்டி உயரம்.

பொதிகை உச்சி 1868 மீட்டர். திருநெல்வேலியிலிருந்து நேர்கோட்டில் 57 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. பூமியின் வளைவையும் கழித்துக் கணக்குப் போட்டால் 1.6 பாகைதான் வரும். ஒரு கட்டைவிரலுக்குள் அடக்கம். இதே கணக்கை டோக்கியோவுக்கும் போட்டுப் பார்த்தேன். 3776 மீட்டர் ஃபுஜி மலை, சுமார் 100 கிலோமீட்டர் தூரம். விடை 1.7 பாகையை ஒட்டி வருகிறது! ஒரு நாடே படம் படமாக வரைந்து தீர்த்த மலையும் நம் பொதிகையும், தத்தம் பெரிய ஊரிலிருந்து பார்த்தால், கிட்டத்தட்ட ஒரே உயரம். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு 25 கிலோமீட்டர்தான். இரண்டு விரல் கிடைக்கும்.

சரி, உயரம் முடிந்தது. எனக்குப் பிடித்த இடம் இனிதான்.

பொதிகையின் நிறம் என்ன? நீலம் என்போம். பாபநாசம் தாண்டி முண்டந்துறைக்குள் போய்ப் பார்த்தால் ஒரு இலைகூட நீலமில்லை. எல்லாம் கரும்பச்சை. அப்படியானால் அந்த நீலம் எங்கே இருக்கிறது? நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்றில்.

சாம்பிராணி போடும்போது கவனித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் புகை சரியாகத் தெரியாது. கரி படிந்த அடுப்படிச் சுவருக்கு முன்னால் வந்தால் நீலமாகச் சுருண்டு எழுவது தெரியும். காற்றும் அப்படித்தான். அதன் மூலக்கூறுகள் சூரிய ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும் (1871இல் ராலே கண்டு சொன்ன கணக்கு, பள்ளியில் வானம் ஏன் நீலம் என்று படித்தது). நம் தலைக்கு மேல் நடக்கிற அதே சங்கதி பாளையங்கோட்டைக்கும் பொதிகைக்கும் இடையில் படுக்கைவசமாக நடக்கிறது. இருண்ட காடு பின்னால் கரும்பலகையாக நிற்பதால் அது நம் கண்ணில் படுகிறது. பனி மூடிய சிகரத்துக்கு இந்த வசதி கிடையாது. வெள்ளைப் பின்னணியில் அந்த நீலம் எடுபடாது. அங்கிருந்து கிளம்பும் வெளிச்சமும் வழியில் நீலத்தை இழந்து, தூரத்துப் பனி லேசாக மஞ்சளடித்துத் தெரியும். நீல மலை வேண்டுமென்றால் கறுத்த காடு வேண்டும். நம்மிடம் இருக்கிறது.

அடுத்தது மறைகிற விஷயம். மலைக்கும் அதன் பின்னால் உள்ள வானத்துக்கும் வெளிச்சத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை காற்று அந்த வித்தியாசத்தைப் பாதியாக்கும். தெளிவான ஒரு நாளில் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டரில் நாலு பாதி. பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6 சதவீதம் மிஞ்சும். நம் கண்ணுக்கு 2 சதவீத வித்தியாசம் இருந்தால் போதும், அதனால் மலை தெரியும். நாலு நாளில் தூசு சேர்ந்து, 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதி என்று ஆகிவிட்டால்? ஆறு பாதி. அறுபத்து நான்கில் ஒரு பங்கு, 1.6 சதவீதம். மலை போய்விட்டது! அதை எதுவும் மூடவில்லை. மலையும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன, அவ்வளவுதான். காற்று கொஞ்சம்தான் மாறியது, ஒரு மலைத்தொடரே காணாமல் போனது. இதே கலங்கிய காற்றை இன்ஸ்ப்ரூக்கின் 5 கிலோமீட்டருக்குள் வைத்தால் 70 சதவீதம் மிச்சமிருக்கும். அந்த ஊர் மலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மழை என்ன செய்கிறது? தூசையும் புகையையும் கழுவி இறக்கிவிடுகிறது. அப்புறம் உப்பு. கடலிலிருந்து வரும் உப்புத் துகள்கள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி நீர்த்து உப்பிவிடும். பருத்த துளி எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால்தான் விடியற்காலை மலை வெள்ளையாய்க் கரைந்து கிடக்கிறது. கழுவின காற்றில் வரப்புக் கோடு போல மலையின் ஓரம் கூர்மையாகத் தெரியும்போது, கூர்மையாகத் தெரிவது பக்கத்தில் இருக்கும் என்று நம் மூளை முடிவுகட்டுகிறது. மலை கிட்ட வந்ததன் கதை இதுதான். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது ஜலந்தர்க்காரர்கள் 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தௌலாதார் பனிமலையை மாடியிலிருந்து பார்த்து வியந்ததும் இதே கணக்கில் வரும். மலை அங்கேயேதான் இருந்தது, நடுவில் புகை குறைந்தது.

மூலிகைக் காற்றால்தான் பொதிகை நீலமாக இருக்கிறது, அதை மூச்சில் இழுத்தால் நோயே வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதியில் ஒரு பொட்டு உண்மை உண்டு. மரங்கள் விடும் ஆவியிலிருந்து மிக நுண்ணிய துகள்கள் உருவாகி நீலத்தைக் கூட்டும், ஆஸ்திரேலியாவின் நீல மலைகளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான் என்பார்கள். இரண்டாம் பாதியை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அகத்தியர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் பெயரைச் சொல்லிச் சளி மருந்து விற்பவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.

1789இல் ஜெனீவாக்காரரான சசூர் என்ற விஞ்ஞானி, காகிதத் துண்டுகளில் நீலத்தை வெளிறலிலிருந்து அடர்த்தி வரை 50 படிகளுக்கு மேல் சாயமேற்றி வட்டமாக ஒட்டி, அதை வைத்து வானத்தின் நீலத்தை அளந்தார். செலவு காகிதமும் சாயமும்தான். நம் ஊரில் இப்படி ஒரு சின்ன வேலைக்குப் பணம் கேட்டால் கிடைப்பது கஷ்டம், பெரிய கருவிக்குக் கேட்டால்தான் கோப்பு நகரும். அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழக மாடியில் மேற்கே பார்த்து ஒரு கேமராவை நிறுத்தி, தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்தால் பத்து வருடத்தில் இந்தச் சீமையின் காற்றுச் சரித்திரமே கையில் இருக்கும். மாணவர்கள் செய்யலாம். செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வாசகிக்கு ஒரு யோசனை. ஐப்பசி முதல் வாரத்தில் சூரியன் உங்கள் மாடியிலிருந்து பார்க்க ஏறக்குறைய பொதிகை இருக்கும் திசையிலேயே இறங்கும். மழை விட்ட ஒரு சாயங்காலம், ஐந்தரை மணிக்கு மேலே போங்கள். மலை அப்போது தன் நிழலிலேயே கறுத்து நிற்கும். முன் வரிசை கருநீலம், அடுத்தது அதைவிட வெளிறல், அதற்கும் பின்னால் வானத்தோடு சேரப் பார்க்கும் ஒரு கோடு. எத்தனை வரிசை எண்ண முடிகிறது என்று பார்த்து, போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒன்று.